டேங்குக்குள்ள பாகு

அந்தப் பக்கம் நிக்காதீங்க சார், பாசி வழுக்கும். இப்படி வந்து இந்தப் பலகை மேல உக்காருங்க. போட்டு அக்கரைக்குப் போயிருக்கு. மணல்திட்டுல ஆள எறக்கிட்டுத் திரும்பும். எப்ப வரும்னு என்னக் கேட்டா என்னா சொல்றது? வரும்போது வரும். வூட்டம்மா போட்டோ புடிக்கிறாங்களா? புடிக்கட்டும், நல்லா புடிக்கட்டும். அவங்க புடிக்கிறது எங்க போட்டத்தான். அதோ மேட்டுல கவுத்துப் போட்டிருக்கே, நீலக் கலரு, அதான் நீலாயதாட்சி. இந்தக் கழிமேட்டுக் கரையில அதுக்கு ஈடா இன்னொரு போட்டு இருந்துச்சின்னு யாராச்சும் சொல்லட்டும், நான் பேர மாத்தி வச்சிக்கிறேன்.

ஏன் கவுந்து கெடக்குதுன்னு கேக்குறீங்க. வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. பாகு ஊத்திட்டாங்க சார். பெட்ரோல் டேங்குக்குள்ள வெல்லப் பாகு. ஊத்துனது வெளியாளு இல்ல, என் கொழுந்தன் பொண்டாட்டி கஸ்தூரி. எனக்கு ஓர்ப்படி. சிரிக்காதீங்க சார். பஞ்சாயத்துல அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. ஊரே சாட்சி. நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல.

உங்க வூட்டம்மாவுக்கு ஓர்ப்படி உண்டா? இல்லையா? குடுத்து வச்சவங்க.

எங்க மாமனாரு ரெண்டு போட்டு வச்சிருந்தாரு. பெரிசு நீலாயதாட்சி. இன்னொண்ணு சின்னது, பேருகூட கெடையாது, சின்ன போட்டுன்னுதான் சொல்லுவோம். ரெண்டும் சுத்திப் பாக்க வர்ற ஜனங்கள ஏத்திக்கிட்டு முகத்துவாரம் வரைக்கும் போயி வரும். மாமனாரு போனதுக்கு அப்புறம் பாகம் பிரிச்சாங்க. எங்க வூட்டுக்காரரு இருக்காரே, அவரு ஒரு அப்பிராணி. "எனக்குச் சின்னதே போதும். கைக்கு அடங்கும். டேங்கும் தனி கேனு, தூக்கிட்டு வூட்டுக்கு வந்துடலாம்"னாரு. நானும் சரின்னுதான் இருந்தேன். சத்தியமா சரின்னுதான் இருந்தேன்.

அப்பதான் பாக்குறேன், கஸ்தூரி நீலாயதாட்சிகிட்ட போயி நிக்கிறா. விளிம்புல காக்கா எச்சம் போட்டிருந்துச்சி. அத முந்தானையால தொடைக்கிறா. தொடைக்கிறா சார்! அவளுக்குன்னு எழுதி வச்சாப்புல. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சிச்சி. "பெரிய போட்டு பெரியவருக்குத்தான்"னு சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரரு என்னத் திரும்பிப் பாத்தாரு. நான் அவரப் பாக்கல. நான் பாத்தது கஸ்தூரியத்தான். மூஞ்சி சுருங்கும், கண்ணு கலங்கும்னு பாத்தா, "அக்காவுக்குப் புடிச்சத எடுத்துக்கட்டும்"னு சிரிச்சிட்டுப் போறா. ஒரு சொட்டு அழுதிருந்தாகூட எனக்கு அந்தப் போட்டு இனிச்சிருக்கும். அதக்கூடக் குடுக்கல அவ.

ஆனா போட்டு போட்டுதான் சார். அதுலயும் அந்த டேங்கு! மாமனாரு பாண்டிச்சேரியிலேருந்து பைபரு வேலைக்காரரக் கூட்டியாந்து, போட்டுக்குள்ளயே, முன்பலகைக்கு அடியில வச்சிக் கட்டுன டேங்கு. வெளிய தெரியறது பித்தள மூடி மட்டும்தான். வெள்ளிக்கெழமையானா அந்த மூடியப் புளி போட்டுத் தேய்ச்சி, பொட்டு வைப்பேன். அவகிட்ட இருந்தது ஒரு செவப்புப் பிளாஸ்டிக் கேனு. தண்ணி புடிக்கிற கேனு மாதிரி அத இடுப்புல வச்சிக்கிட்டு வருவா. அதப் பாக்கும்போதுதான் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி.

குளிர்ச்சி எவ்ளோ நேரம் தாங்கும்? சனம் வந்து எறங்குனா நேரா அவகிட்டதான் போகுது. "வாங்கம்மா, புள்ளைய இப்படிக் குடுங்க"ம்பா, கைப்புள்ளைய வாங்கி இடுக்கிக்கிட்டு ஆள ஏத்துவா. புள்ளைங்களும் அவ கைக்குப் போனா சிரிக்கும். நானும் பாத்துட்டு, அதே மாதிரி ஒரு புள்ளைய வாங்குனேன். அது போட்ட கூப்பாட்டுல அவங்க ஆத்தா எனக்குக் கொள்ளிக்கண்ணுன்னு பேசிக்கிட்டே வேற போட்டுக்குப் போயிட்டா. வேற போட்டுன்னா எந்தப் போட்டு? இங்க இருக்குறதே ரெண்டுதான்.

வூட்டுலயும் இதே கததான். ஒருநாளு கஸ்தூரி நண்டுக் கொழம்பு குடுத்து வுட்டா. எங்க வூட்டுக்காரரு நல்லாருக்குன்னு சொல்லல. சொல்லவேயில்ல. ஆனா அன்னிக்கி மறுசோறு வாங்குனாரு. இந்த மனுசன் என் கொழம்புக்கு மறுசோறு வாங்கி நான் பாத்ததில்ல. இதெல்லாம் ஒருத்தி எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

சரி, டேங்குக்கு வர்றேன். ஐப்பசி பொறந்து மழை புடிச்சிக்கிச்சின்னா இங்க சவாரி கெடையாது. தை வரைக்கும் போட்ட மேட்டுல ஏத்திடுவோம். அப்படி ஏத்துற அன்னிக்கி என் கொழுந்தன் மதியழகன் வந்து நின்னுச்சி. "அண்ணி, இப்பல்லாம் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. கரும்புலேருந்து எடுக்குற சாராயம் அது. புது டேங்குன்னா தாங்கும். அப்பா கட்டுன டேங்கு பழைய பைபரு. அதுல ஊறிக்கிட்டே கெடந்தா பைபரக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிடும். காத்துல இருக்குற ஈரத்தையும் இழுத்துக்கும். மழைக்காலம் பூரா உள்ள கெடக்க வேணாம், வடிச்சிக் காலி பண்ணிடுங்க. தையில நான் ஒரு கேனு வச்சி மாத்திக் குடுக்குறேன்"னு சொல்லுச்சி.

அது சொன்னதோட நின்னிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன். பின்னாடியே இவ வந்து, "ஆமாக்கா, காலி பண்ணிடுங்க"ன்னா.

காலி பண்ணு! என்னா வார்த்த அது? எங்க வூட்டுல அரிசி தீந்து போனாக்கூட அரிசி இல்லன்னு சொல்ல மாட்டோம், நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். உப்பு ஜாடியத் தொடச்சி வைக்க மாட்டோம். சோறு போடுற டேங்கு, அத தீவாளி வர்ற மாசத்துல காலியாக் கவுத்து வைக்கணுமாம். இவ கேனு மட்டும் செவப்பா, அழகா இருக்கும். நாங்களும் இவள மாதிரி கேனத் தூக்கிட்டுத் திரியணும். இதுதான் உள்ளுக்குள்ள இருக்குற எண்ணம். எனக்குத் தெரியாதா?

எங்க வூட்டுக்காரரு மெதுவா, "தம்பி சொல்றது நெசம்தான், பெட்ரோல் பங்குலயும் பேசிக்கிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சாரு. "தம்பி சொல்றதா, தம்பி பொண்டாட்டி சொல்றதா?"ன்னு கேட்டேன்.

அன்னிக்கே பெட்ரோலு வாங்கியாந்து ஊத்துனேன் சார். கொஞ்ச நஞ்சம் இல்ல, மூடி வரைக்கும் தளும்பத் தளும்ப. மகாலட்சுமி மாதிரி நெறைஞ்சி நின்னுச்சி. மூடிக்கு மஞ்சக் குங்குமம் வச்சி, கண்ணு படாம இருக்கப் படிகாரம் கட்டி, மேல ஒரு பூட்டும் போட்டேன். சாவி என் இடுப்புல. மழைக்காலம் பூரா அது அப்படியே நெறைஞ்சி கெடந்துச்சி. அத நெனச்சிக்கிட்டாலே எனக்குத் தூக்கம் நல்லா வரும்.

நடுவுல தீவாளி வந்துச்சி. கஸ்தூரி அதிரசம் சுடுவா. அவ அதிரசத்த இந்த ஊரு தலையில தூக்கி வச்சி ஆடும், அது வேற விசயம். தீவாளிக்கு மொத நாளு, பாகு காச்சுன அண்டாவத் தூக்கிக்கிட்டு உப்பங்கழியில கழுவ வந்தா. இந்தப் படித்தொற இவ்ளோ நீளம் இருக்கே, எங்க வேணாலும் கழுவலாம். எங்க கழுவுனா தெரியுமா? நேரா எங்க போட்டுக்குப் பக்கத்துல. நான் வாசல்லேருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன். அத நல்லா ஞாபகம் வச்சிக்குங்க.

காணும் பொங்கலுக்கு இங்க காலு வைக்க எடமிருக்காது. அன்னிக்கிதான் நீலாயதாட்சிய எறக்குனோம். இன்ஜினு மொதல்ல இருமுச்சி, அப்புறம் புடிச்சிக்கிச்சி. போட்டு நெறைய ஆளு, பொம்பளைங்க, புள்ளைங்க. எங்க வூட்டுக்காரரு புதுச் சட்ட போட்டுக்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போறாரு. நான் கஸ்தூரி பாக்குறாளான்னு பாக்குறேன். பாத்தா. கையாட்டுனா. நான் ஆட்டல.

முகத்துவாரத்துக்கிட்ட போனதும் சத்தம் நின்னு போச்சி. அந்த எடம் உங்களுக்குத் தெரியாது சார். கடலு ஏத்தம் வடியற நேரத்துல கழித்தண்ணி பூரா கடலுக்கு இழுத்துக்கிட்டுப் போகும், வெளியில அலை மடிஞ்சி மடிஞ்சி உழும். அதுல இன்ஜினு இல்லாத போட்டுன்னா தேங்கா மட்டதான். எங்க வூட்டுக்காரரு இன்ஜினு கயித்த இழுக்குறாரு, இழுக்குறாரு, புடிக்கல. போட்டு திரும்பிக்கிட்டே வெளிய போகுது. பொம்பளைங்க கத்துறது இங்க கேக்குது. அம்மா தாயேன்னு மண்ணுல உக்காந்துட்டேன்.

அப்ப சின்ன போட்டு போச்சி. மதியழகன் ஓட்டுது, முன்னாடி கஸ்தூரி நிக்கிறா, கையில கயிறு. அலைக்குள்ளயே போயி கயித்த வீசி, எங்க வூட்டுக்காரரு அங்க கட்டுன ஒடனே பெரிய போட்டு வெட்டி இழுத்துச்சி. இந்தப் பக்கம் சின்ன போட்டு முளைக்கட்டையில சுத்தறதுக்குள்ள கயிறு அவ உள்ளங்கையில ஓடிடுச்சி. தோலு பூரா வழண்டு போச்சி. அவ வுடல. அப்படியே புடிச்சி, சுத்தி, கட்டிட்டா. எல்லாரையும் கரைக்கு இழுத்தாந்துட்டாங்க. ஒரு உசுருக்குச் சேதமில்ல.

கரை ஏறுனதும் எங்க வூட்டுக்காரரு என்னா பண்ணாரு தெரியுமா? நான் இங்க மண்ணுல கெடக்குறேன். அவரு கஸ்தூரியோட ரெண்டு கையையும் புடிச்சித் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. "ஐயோ, என்னா பண்ணிக்கிட்ட தாயி"ன்னு அழுவுறாரு. எனக்கு வெந்நி கொட்டி கை வெந்தப்ப, "பாத்து எடுக்கக் கூடாதா?"ன்னு கேட்ட மனுசன் சார் இது.

மறுநாளு மெக்கானிக்கு வந்து இன்ஜினப் பிரிச்சாரு. பில்டரு அடைச்சிருக்கு. கார்புரேட்டருக்குள்ள கருஞ்செவப்பா, கொழகொழன்னு, தொட்டா நூலு நூலா வருது. நான் பாத்தேன். பாத்த ஒடனே தெரிஞ்சி போச்சி. அதிரசப் பாகு! பதம்கூட சரியா இருந்துச்சி. அவரு என்னமோ, "டேங்கு பைபரு ஊறிக் கரைஞ்சி வந்ததும்மா இது, அடியில தண்ணியும் நிக்குது"ங்குறாரு. கரும்புச் சாராயமாம், பைபரக் கரைச்சிச்சாம். மதியழகன் சொன்னத அப்படியே சொல்றாரு. ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிக்கிறவங்க. எனக்குக் காதுல பூ சுத்துறாங்க.

நேரா பஞ்சாயத்துக்குப் போயிட்டேன். எங்க ஊர்ல எதுன்னாலும் மாரியம்மன் கோயிலு முன்னாடி கூட்டந்தான். சாட்டுனது நெசம்னா குத்தவாளிக்குத் தண்டனை. பொய்யின்னா சாட்டுனவங்க குடும்பம் ஒரு வருசம் இந்தக் கரையில சவாரி எடுக்கக் கூடாது, நடுக்கூட்டத்துல உழுந்து எந்திரிக்கணும். இந்தச் சட்டம் எனக்கும் தெரியும், எங்க வூட்டுக்காரருக்கும் தெரியும். அவரு என் முந்தானையப் புடிச்சி, "வேணாம் அஞ்சலாட்சி, சோத்துல மண்ணு உழுந்துடும்"னாரு. அவரு என் பேரச் சொல்லிக் கூப்புட்டே ரொம்ப வருசமாச்சி. அதுவும் அவளக் காப்பாத்தத்தான் வந்திருக்கு பாருங்க.

தலைவரு கேட்டாரு, "பூட்டு போட்டிருந்தியா?" போட்டிருந்தேன். "சாவி?" என் இடுப்புல. "அப்ப கஸ்தூரி எப்படி ஊத்துச்சி?" அதத்தான நான் அவகிட்ட கேக்குறேன்? என்னக் கேட்டா? கூட்டத்துல ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. எல்லாம் அதிரசம் தின்ன வாயி.

அப்புறம் தலைவரு ஒரு டம்ளர்ல சுடுதண்ணி கொண்டாரச் சொல்லி, அந்தக் கொழகொழப்புல கொஞ்சம் எடுத்துப் போட்டாரு. வெல்லம்னா கரையணுமாம். கரையல. அடியில போயி கட்டியா உக்காந்துக்கிச்சி. எல்லாரும் என்னப் பாக்குறாங்க. எங்க வூட்டுக்காரரு தலைய முட்டிக்கு நடுவுல வச்சிக்கிட்டாரு.

நான் வுடுவனா? கையால எடுத்து நாக்குல வச்சிட்டேன் சார். ஆமா, அதத்தான். நெருப்ப முழுங்குனாப்புல இருந்துச்சி. கண்ணுல தண்ணி கொட்டுது. ஆனா சாமி மேல ஆணையா சொல்றேன், கடைசியில, நாக்கு நுனியில, லேசா இனிச்சிச்சி. "இனிக்குது"ன்னு சொன்னேன்.

தலைவரு தீர்ப்பு சொல்ல வாயெடுக்குறாரு. அப்ப கஸ்தூரி எழுந்து வந்தா. கையில ரெண்டு கட்டு. கட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்த வெரலால அதத் தொட்டு, அவளும் நாக்குல வச்சா. என்னப் பாத்தா. மூஞ்சி கொஞ்சங்கூடக் கோணல. "ஆமாங்க, இனிக்குது. அக்கா சொல்றது நெசந்தான். நான்தான் ஊத்துனேன்"னா.

மதியழகன் "ஏய்!"னு எழுந்திரிச்சிச்சி. அவ ஒரு பார்வ பாத்தா, உக்காந்துக்கிச்சி. தலைவரு, "பூட்டு இருந்துச்சேம்மா, எப்படி ஊத்துன?"ன்னாரு. "எப்படியோ ஊத்திட்டேங்க. தண்டனையச் சொல்லுங்க"ன்னா. அவரு அவளப் பாத்துட்டு, கோயிலு வெளக்குக்கு ஒரு மாசம் எண்ணெ ஊத்தச் சொன்னாரு. "அது பத்தாதுங்க. நான் கெடுத்த போட்டு சரியாவுற வரைக்கும் மாமா எங்க போட்ட ஓட்டட்டும்"னு இவளே கேட்டு வாங்கிக்கிட்டா.

பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல, அவதான்னு? கண்ணுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டா. இப்ப நியாயத்தக் கேளுங்க. குத்தம் பண்ணவ அவ. நெசத்தச் சொன்னவ நான். ஊரு யாரக் கும்புடணும்? அவ எண்ணெ ஊத்த கோயிலுக்குப் போனா கெழவிங்க வழி வுட்டு நிக்கிறாங்க. தலைவரு பொண்டாட்டி அவ கைக்கு மஞ்சப் பத்து அரைச்சிக் கொண்டாந்து போடுறா. எனக்கு நாக்கு ரெண்டு நாளு மரத்துக் கெடந்துச்சி, ஒரு நாயும் வந்து கேக்கல. பாகு ஊத்துனதுக்கே இப்படின்னா, வெஷம் ஊத்தியிருந்தா கோயிலே கட்டியிருப்பாங்க போலருக்கு.

அடியில கைய வுட்டு அந்த டேங்கத் தொட்டுப் பாத்தேன், ஊறுன அப்பளம் மாதிரி இருக்கு. வெரலால அமுக்குனா பள்ளம் உழுது. அறுத்து எடுத்துட்டு வேற வைக்கணும், வைப்பாங்க எப்பவாச்சும். அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரரு காலையில சின்ன போட்ட ஓட்டுறாரு, மதியத்துக்கு மேல மதியழகன். காலையில கெளம்பும்போது இப்பல்லாம் மனுசன் பாட்டு பாடுறாரு. வூட்டுல பாடுன ஆளு இல்ல.

அதாச்சும் போகட்டும். போன வாரம் அந்தப் போட்டுக்குப் புதுசா பெயிண்டு அடிச்சிப் பேரு எழுதியிருக்கா. இத்தன வருசமா பேரில்லாம கெடந்த போட்டு. என்னா பேரு எழுதுனா தெரியுமா? அஞ்சலாட்சி. என் பேரு சார்! பெரிய எழுத்துல, ரெண்டு பக்கமும். ஏன்டின்னு கேட்டா, "மாமா கூலிக்கு ஓட்டுறாருன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்லக்கா, உங்க பேரு இருந்தா அவரு போட்டுதானே"ங்குறா. போட்டக் கெடுத்தா, புருசன இழுத்துக்கிட்டா, மிச்சம் இருந்தது பேரு ஒண்ணுதான், அதையும் எடுத்துக்கிட்டா. கரையில நின்னு, "அஞ்சலாட்சி வருது, அஞ்சலாட்சியில ஏறுங்க"ன்னு சனம் கத்துது. நான் இங்க உக்காந்திருக்கேன், என்ன யாரும் கூப்புடல.

அதோ, சத்தம் கேக்குதா? வந்துடுச்சி. ஓட்டிக்கிட்டு வர்றாரே, அவருதான். முன்னாடி நிக்கிறவதான் கஸ்தூரி. வூட்டம்மாவக் கூப்புடுங்க, பாத்து ஏறுங்க.

நானா? நான் அதுல காலு வைக்கல. பேரு எழுதுன நாள்லேருந்து தெனம் காலையில வாசல்ல வந்து நிக்கிறா. "அக்கா, வாங்கக்கா, உங்க போட்டு, மொத தடவ நீங்க ஏறாம எப்படி?"ன்னு கெஞ்சுறா. போவேனா நான்? கதவச் சாத்திக்குவேன். தெனம் வருவா, தெனம் சாத்துவேன்.

இன்னிக்கி வரல சார். விடியறதுக்கு முன்னாடியே புடவ மாத்திட்டு, கதவத் தெறந்து வச்சிக்கிட்டுதான் இருந்தேன். நேரா போட்டுக்குப் போயிட்டா. நீங்க போகும்போது சும்மா கேக்குற மாதிரி அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்க, ஏன் வரலன்னு. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.